அம்மாவிடம் மட்டும் பேசிய தமிழ்

கேள்வி:

மேடம், எனக்கு வயது 48. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைப் பக்கம் ஒரு கிராமம். 24 வருடங்களுக்கு முன் கல்யாணமாகி கோபிசெட்டிபாளையம் பக்கம் வந்தேன். காதல் கல்யாணம். அவர் நாகர்கோவிலில் வேலை பார்த்தபோது பழக்கம். ஊரும் வேறு, சாதியும் வேறு. "இந்தப் பொண்ணு ஒத்து வருமா" என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வந்த முதல் வாரமே என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். உறவுக்காரர் ஒருவரிடம், தண்ணீருக்கு எங்கள் ஊரில் சொல்வது போல "வெள்ளம் வேணுமா" என்று கேட்டதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் தாளித்தால், "தலைக்குத் தேய்க்கிறதுலயா சமைப்பீங்க" என்பார்கள். ஆறே மாதத்தில் பேச்சையும் சமையலையும் மாற்றிக்கொண்டேன். இப்போது புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த ஊர்க்காரி என்றே நினைப்பார்கள். மாமியாரைக் கடைசி மூன்று வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். "எங்க மருமகளுக்குக் கோபமே வராதுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சு வரும். அதையும் மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசுவேன். "மக்ளே, சோறு தின்னாச்சா" என்று அம்மா ஆரம்பிப்பார். எட்டு மாதம் முன்பு அம்மா இறந்துவிட்டார். அதிலிருந்து தூக்கம் சரியில்லை. குளியலறையில் அழுகிறேன். சில நாள் எதற்கு எழுந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது.

போன மாதம் ஒரு விசேஷத்தில் நாத்தனார் என்னைப் போலவே பேசிக்காட்டினார். வழக்கமாக நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்று முடியவில்லை. எழுந்து வெளியே வந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். பெரிய பேச்சாகிவிட்டது. "இத்தனை வருஷமா சிரிச்சுட்டுத்தானே இருந்தே, இப்ப என்னாச்சு" என்று கணவர் கேட்கிறார். காதலிக்கும்போது அவருக்கு என் பேச்சுதான் ரொம்பப் பிடிக்கும். கல்லூரியில் படிக்கும் மகள் மட்டும், "பாட்டிகிட்ட வேற மாதிரி பேசுவியே, எங்ககிட்ட ஏன்மா அப்படிப் பேசவே இல்லை" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

24 வருடம் நடித்திருக்கிறேனா? எது நிஜமான நான்? அல்லது எல்லாம் மாதவிடாய் நிற்கிற வயதின் கோளாறா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் ஒரு வரியைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். "சில நாள் எதற்கு எழுந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது அலுப்பா, இல்லை, இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பா? இரண்டாவது என்றால், ஒரே ஒருமுறை வந்து போயிருந்தாலும் சரி, மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். 'டெலி மானஸ்' என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அலுப்புதான் என்றாலும், எட்டு மாதமாகத் தூக்கம் கெட்டு அழுதுகொண்டிருப்பவர் ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்த்துவிடுவது நல்லது. மாத்திரை தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். அதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

வயதைப் பற்றிய கேள்வியையும் இப்போதே முடித்துவிடலாம். பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில் தூக்கம் கெடுவது, திடீரென்று உடம்பு சூடேறி வியர்ப்பது, எரிச்சல், அழுகை எல்லாம் வரலாம். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட மனதை இப்படிச் சோர வைக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆனால் முடிவு எப்படி வந்தாலும், "ஓ, இதனால்தானா" என்று அந்த விசேஷ வீட்டில் நடந்ததை அதற்குள் போட்டு மூடிவிடாதீர்கள். உடம்பு களைத்தால் அடக்கி வைக்கிற தெம்பு குறையும், அவ்வளவுதான். அடக்கி வைத்தது அதற்கு வெகுகாலம் முன்பே உள்ளே போய்விட்டது.

சரி, நடித்தேனா என்ற கேள்வி.

என்னிடம் வருகிற பெண்கள் இதை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தனியாக ஹோட்டலுக்குப் போய் உட்கார்ந்து, "என்ன சாப்பிடுறீங்கம்மா" என்று கேட்டதும் வாய் திறக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்காரர் சொன்ன பிறகு "எனக்கும் அதே" என்று மட்டும் சொல்லிப் பழகியவர். கணவரை இழந்த இன்னொருவர், வீட்டை விட்டு இறங்கும்போது வெறும் நெற்றியோடு இறங்குவார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கைப்பையின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வார். சாயங்காலம் தெருமுனை வந்ததும் அது மறுபடியும் பைக்குள் போய்விடும். எல்லோரும் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார்கள். "எல்லாரையும் ஏமாத்திட்டு இருக்கேன் மேடம்" என்பார்கள்.

நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. 24 வயதுப் பெண் ஒருத்தி, தன் ஊரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தன்னை எடை போட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் நுழைகிறாள். வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள். தாளித்தால் முகம் சுளிக்கிறார்கள். அவள் சுற்றிலும் பார்த்து, எது பேசினால் சிரிக்க மாட்டார்கள் என்று கண்டுபிடித்து, ஆறே மாதத்தில் வேறொரு வட்டாரத் தமிழைக் கற்றுக்கொள்கிறாள். அதற்கு எத்தனை கூர்மை வேண்டும், எத்தனை பயம் இருந்திருக்க வேண்டும்! பிரிட்டனில் டொனால்ட் வினிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். மனப்பகுப்பாய்விலும் பெரிய பெயர். 1960-ல் எழுதிய ஒரு கட்டுரையில், நாம் ஊருக்குக் காட்டுகிற 'பொய்யான நான்' எதற்காக உண்டாகிறது என்று அவர் யோசிக்கிறார். உள்ளே இருக்கிற நிஜமான நானை மறைத்து, அடிபடாமல் காப்பாற்றத்தான் என்பது அவர் முடிவு. உங்கள் கதையில் அது அப்படியே நடந்திருக்கிறது. கீழ்வீட்டில் கொங்குத் தமிழ், மொட்டை மாடியில் உங்கள் தமிழ். 24 வருடமாக அதை நீங்கள் சாகவிடவில்லை. படியேறிப் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

அதனால்தான் அம்மாவின் மரணம் உங்களுக்கு இரட்டைச் சாவாக இருக்கிறது. அம்மா போனது ஒன்று. உங்களை 'மக்ளே' என்று கூப்பிட இனி யாரும் இல்லை என்பது இன்னொன்று. முதல் துக்கத்துக்கு வீட்டில் எல்லோரும் வந்திருப்பார்கள், காரியம் செய்திருப்பார்கள், ஆறுதல் சொல்லியிருப்பார்கள். இரண்டாவது துக்கம் யாருக்குமே தெரியாது. உங்களுக்கே இப்போதுதான் தெரிகிறது. குளியலறையில் நீங்கள் அழுவது பெரும்பாலும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எங்களைத் தமிழ் மாநிலத்தோடு சேருங்கள் என்று கேட்டுப் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்கள் போயின. உங்கள் தக்கலைக்குப் பக்கத்து ஊர்கள். தமிழராக எண்ணப்பட வேண்டும் என்று உயிரைக் கொடுத்த மண்ணின் பேச்சைத்தான், ஏதோ பாதித் தமிழ் போல அந்த வீட்டில் பேசிக்காட்டிச் சிரித்திருக்கிறார்கள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள், தெரியாமல்தான் செய்திருப்பார்கள். உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அப்புறம், சிரிப்பு. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள் என்பதை ஒரு தப்பு போல எழுதியிருக்கிறீர்கள். 1997-ல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 180 கல்லூரிப் பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சோகமான படத்துண்டும் சிரிப்பு மூட்டும் படத்துண்டும் காட்டி, சிலரிடம் மட்டும் "உள்ளே என்ன உணர்ந்தாலும் முகத்தில் காட்டாதீர்கள்" என்று சொன்னார்கள். சோகத்தை மறைத்தவர்களுக்கு அந்தச் சோகம் துளியும் குறையவில்லை. சந்தோஷத்தை மறைத்தவர்களுக்கோ சந்தோஷம் குறைந்துபோனது. இரண்டிலுமே இதயமும் ரத்தக்குழாய்களும் கூடுதலாக உழைத்தன. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வலியை மறைத்தால் வலி அப்படியே இருக்கிறது. ஆசையாகச் செய்ததை, பிடித்த குழம்பை, வாய்க்கு வந்த சொல்லை மறைத்தால் அந்த ஆசை தேய்ந்துபோகிறது. எனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியவில்லை என்று பெண்கள் சொல்லும்போது எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகத்துக்கு வரும்.

"கோபமே வராதுங்க" என்று உங்கள் மாமியார் சொன்னது அன்பில்தான். ஆனால் அந்தப் பட்டம் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் பட்டம் போய்விடும். அமெரிக்க உளவியலாளர் டானா ஜாக், மனச்சோர்வில் இருந்த பெண்களிடம் நீண்ட காலம் பேசி, உறவு உடையக் கூடாது என்பதற்காகப் பெண்கள் தங்கள் வாயைத் தாங்களே கட்டிக்கொள்வதை அளக்க 1992-ல் 31 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார். அதன் நான்கு பகுதிகளில் ஒன்று, வெளிமுகம் இணங்கிப் போகப் போக உள்ளே கோபம் வளர்வதைப் பற்றியது. கோபம் வராத பெண்களை நான் இதுவரை பார்த்ததில்லை. வந்த கோபத்தை இறக்கி வைக்க இடமில்லாதவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் தயங்கித் தயங்கி எழுதும் இடம். நீங்கள் ஒரு வரியை எழுதிவிட்டு உடனே மகளின் கேள்விக்குப் போய்விட்டீர்கள். "காதலிக்கும்போது அவருக்கு என் பேச்சுதான் ரொம்பப் பிடிக்கும்." அந்தப் பேச்சைக் கேட்டு விரும்பியவர், அதே பேச்சைக் கேட்டு வீடே சிரித்தபோது என்ன செய்தார்? கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. ஒருவேளை அவர் பேசாமல் இருந்திருக்கலாம். கூடச் சிரித்தும் இருக்கலாம். நாத்தனார் மேல் உங்களுக்கு இருக்கிற கோபம் அந்த ஒரு சாயங்காலத்து அளவுதான் என்று எனக்குப் படுகிறது. உங்களை எழுப்பி பஸ் ஏற்றிய கோபம் இன்னும் பழையது, இன்னும் பக்கத்தில் இருப்பவர் மேல் உள்ளது. நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. வேறு ஊர், வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவர், அவரும் அந்த வீட்டுக்கு எதையோ நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும். அம்மாவையும் அக்காவையும் பகைக்காமல் இருக்க அவரும் ஒரு முகத்தைப் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அது அவர் வாயிலிருந்து வர வேண்டும், நீங்கள் அவருக்காக யோசித்து மன்னித்துவிடக் கூடாது. சண்டை நடக்கும்போது வேண்டாம். இருவரும் தனியாக, கொஞ்சம் நிதானமாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள்: "அப்ப உங்களுக்கு என் பேச்சுதானே பிடிச்சிருந்தது? இங்க எல்லாரும் சிரிச்சப்ப நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லலை?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் தடுமாறினால் உதவிக்குப் போகாதீர்கள். 24 வருடமாக எல்லோருடைய சங்கடத்தையும் நீங்கள்தான் சிரித்துச் சரிசெய்திருக்கிறீர்கள். இந்த ஒருமுறை அவர் கொஞ்ச நேரம் சங்கடப்படட்டும்.

நாத்தனாரிடம் பேசுவது இதைவிடச் சுலபம். வாட்ஸாப் குழுவில் எதுவும் எழுத வேண்டாம், கணவர் மூலமாகச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். நேரில், இரண்டே நிமிடம். "அண்ணி, அன்னிக்கு நான் எழுந்து போனது உங்களுக்குச் சங்கடமா இருந்திருக்கும். ஆனா என் பேச்சைப் பேசிக்காட்டுறது எனக்கு முதல் நாள்லேருந்தே வலிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சதால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இனிமே வேண்டாம்." எழுந்து போனதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. "வெளையாட்டுக்குத்தானே" என்பார். "உங்களுக்கு வெளையாட்டு, எனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்களைவிட, இதைப் படிக்கிற மற்ற பெண்களுக்காக எழுதுகிறேன். எதிர்த்துப் பேசினால் கை நீட்டுகிற வீடு என்றால், முகமூடி இப்போதைக்கு உங்கள் பாதுகாப்பு. அங்கே முதலில் தேவை ஒரு பாதுகாப்பான இடமும் துணையும். பெண்களுக்கான 181 உதவி எண்ணில் பேசுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொற்களால் இழிவுபடுத்துவதையும் வன்முறையாகவே பார்க்கிறது. 'நீ நீயாக இரு' என்று எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி சொல்கிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அதற்கு ஒவ்வொருத்தி கொடுக்க வேண்டிய விலை ஒரே அளவில் இருப்பதில்லை.

எது நிஜமான நான் என்று கேட்டீர்களே. தோண்டினால் உள்ளே தக்கலைப் பெண் ஒருத்தி 24 வயதோடு அப்படியே உட்கார்ந்திருப்பாள் என்று எண்ணாதீர்கள். அவளுக்கும் வயதாகியிருக்கும். கொங்குத் தமிழும் இப்போது உங்களுடையதுதான். மகளைத் தூக்கி வளர்த்தது அந்தத் தமிழில், மூன்று வருடம் மாமியாருக்குச் சோறு ஊட்டியது அந்தத் தமிழில். அரிசிம்பருப்பு சாதம் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிருந்தால், அது திணிக்கப்பட்டது என்று இன்றைக்கு வெறுக்க வேண்டியதில்லை. ஆபீசில் எரிந்து விழுகிறவரிடம் பொறுமையாகப் பேசுகிறோமே, அந்த முகமும் எல்லோருக்கும் வேண்டியதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கழற்ற முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். உங்கள் விஷயத்தில் வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற இடமில்லாமல் மொட்டை மாடி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அந்த மாடியிலிருந்து கீழே இறங்கி வரத்தான் மகள் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். "எங்ககிட்ட ஏன்மா அப்படிப் பேசவே இல்லை" என்ற கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. அம்மாவின் ஒரு பாதி தனக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் இருக்கிறது. உண்மையையே பதிலாகச் சொல்லுங்கள். "சிரிப்பாங்கன்னு பயந்தேன்" என்று சொல்லலாம். அவளிடம் ஒரு சொல் இரண்டு சொல்லாக ஆரம்பியுங்கள். முதலில் உங்களுக்கே நாக்கு கூசும். அவள் சிரித்தாலும் அது வேறு சிரிப்பு. ஊரில் சித்தி மகளோ, கூடப் படித்தவரோ யாராவது இருப்பார்கள். வாரம் ஒருமுறை அவர்களோடு போனில் பேசுங்கள், கூடத்தில் உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி பேசுங்கள்.

சமையலறையில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கி வையுங்கள். தினமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் இருக்கும்போது தேங்காயை வறுத்து அரைத்துச் சின்ன வெங்காயத் தீயல் வையுங்கள். தேங்காயை எந்த நிறம் வரும்வரை வறுக்க வேண்டும் என்பதை யாரும் எழுதி வைத்து விளக்க முடியாது. பக்கத்தில் நிறுத்தி, வாசம் மாறுகிற நேரத்தைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் அம்மா உங்களுக்கு எந்தச் சொல்லில் சொல்லிக்கொடுத்தாரோ அதே சொல்லில் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கணவருக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

இத்தனையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டாம். முதலில் மருத்துவர், பிறகு மகள், அதற்கப்புறம் கணவர். நாத்தனார் காத்திருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கடிதம் முழுக்க நல்ல எழுத்துத் தமிழ். 'வெள்ளம்' என்பதையும் அம்மா பேசியதையும் தவிர உங்கள் ஊர்ச் சொல் ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை எனக்கு எழுதினால் அம்மாவிடம் பேசியது போலவே எழுதுங்கள். எனக்குப் புரியாத சொல் வந்தால் உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.